ஊர் திரும்பிய கைகளுக்கு ஒரு புதுத் தொழில்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. பஸ்ஸும் ரயிலும் நின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனி, சென்னையில் ஓட்டல், கோவையில் லேத் பட்டறை என்று பிழைப்புக்குப் போயிருந்த பிள்ளைகள் கிடைத்த வண்டியில் ஏறி, சிலர் நடந்தும், சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களை ஊர் ஏற்றுக்கொண்டது. வீட்டில் நெல் இருந்தது, கொல்லையில் கீரை இருந்தது, ஒரு வேளை சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழிந்த பின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி எழுந்தது. இருக்கிற ஒன்றரை ஏக்கரில் இத்தனை பேரும் என்ன வேலை செய்வது?

இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. புள்ளிவிவரத்தைப் பார்த்தால் இது விளங்கும். 2018-19ஆம் ஆண்டில் நாட்டில் வேலை செய்வோர் நூறு பேரில் 42.5 பேர் விவசாயத்தில் இருந்தனர். 2019-20இல் இது 45.6 ஆயிற்று, 2020-21இல் 46.5. நோய் தணிந்து, கம்பெனிகள் திறந்து, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகும் 2023-24இல் அது 46.1 ஆகவே இருந்தது. நிலமோ வளரவில்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதே நிலம், அதே கிணறு, கூடுதல் கைகள் என்பதே இன்றைய நிலை.

அந்த நெருக்கடியில் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் பல குடும்பங்களைத் தாங்கியது உண்மை. 2020-21இல் அதற்கு முதலில் ஒதுக்கிய 61,500 கோடி ரூபாய் போதாமல் 1,11,500 கோடியாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் அவ்வாண்டு நாட்கூலி 256 ரூபாய். ஆனால் பதினான்கு ஆண்டு துணி வெட்டிப் பழகிய கைக்கு வாய்க்கால் தூர்வாரும் வேலை அன்றைய பசியைத்தான் தீர்க்கும். அந்தக் கையில் உள்ள திறமையை ஊரிலேயே விலை போகும் வேறொரு திறமையாக மாற்றிக்கொள்ளும் வழி உண்டா? உண்டு. அதற்குப் பயிற்சி வேண்டும். நாற்பது வயதிலும் கற்கலாம், ஐம்பதிலும் கற்கலாம். எதைக் கற்பது, எங்கே கற்பது, எங்கே ஏமாறாமல் இருப்பது என்பதைச் சிறு விவசாயக் குடும்பத்தாருக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

எதைக் கற்பது?

முதலில் ஓர் எச்சரிக்கை. நோய்க் காலத்தில் பிறந்த தொழில் நோயோடு போய்விடும். 2020இல் மகளிர் சுய உதவிக் குழுவினர் மாநிலமெங்கும் முகக்கவசம் தைத்தார்கள். நல்ல காரியம், அன்றைக்குப் பணமும் கிடைத்தது. ஆனால் முகக்கவசத்தை நம்பிப் புதுத் தையல் இயந்திரம் வாங்கியவர்களுக்கு இரண்டே ஆண்டில் வேலை நின்றது. ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைக்கக் கற்றிருந்தவர்கள் மட்டும் அந்த இயந்திரத்தைத் தொடர்ந்து மிதித்தார்கள். எனவே, ஐந்து ஆண்டு கழித்தும் இந்த வேலைக்கு என் ஊரைச் சுற்றிப் பத்து மைலில் ஆள் தேடுவார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தொழில் இடத்திற்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். தென்னை மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை என்ற குறை பொள்ளாச்சிப் பக்கம் எங்கும் கேட்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மர நண்பர்கள்’ என்ற பெயரில் இளைஞர்களுக்கு ஆறு நாள் பயிற்சி அளித்து, ஏறும் கருவியும் கொடுத்து வந்திருக்கிறது. மரத்தடியில் நின்று பயந்தவர்கள்கூட அந்தக் கருவியால் மூன்றாம் நாளே உச்சிக்குப் போய்விடுகிறார்கள். பொள்ளாச்சிக்கு இது பொன்னான தொழில். ஆனால் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதியை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அங்கே தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. ஏற மரம் இல்லாத இடத்தில் ஏறக் கற்று என்ன பயன்? அங்கே தேவைப்பட்டது கன்று. நல்ல தாய் மரத்தைத் தேர்ந்து, நெற்றெடுத்து, நாற்றங்கால் போட்டு, தரமான கன்றைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கே அங்கு வேலை. பக்கத்திலேயே வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் அவர்களுக்கு ஒரு வசதி.

ஒரே ஊரில் முப்பது பேர் ஒரே தொழிலைக் கற்பதும் தவறு. பயிற்சி கொடுப்பவர்களுக்கு அது வசதி. ஒரு நாளில் முப்பது பெயரைப் பதிவேட்டில் எழுதிவிடலாம். ஆனால் முப்பது வீட்டுக் காளானையும் ஒரே காய்கறிக் கடைக்காரர் வாங்க மாட்டார்.

வயது வந்தவர் எப்படிக் கற்கிறார்?

பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல் விவசாயிக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. கரும்பலகைக்கு முன்னால் உட்கார வைத்தால் அரை மணி நேரத்தில் மனம் மாட்டுத் தொழுவத்திற்குப் போய்விடும். தெரியாததைக் கேட்டால் பக்கத்திலிருப்பவர் சிரிப்பாரோ என்ற கூச்சம் வேறு. பயிற்சிக்குப் போகும் நாளில் கூலியும் போகிறது.

இதற்கு நல்ல வழி காட்டியவர்கள் இந்தோனேஷியா நாட்டு நெல் விவசாயிகள். அங்கே பூச்சிமருந்தை அளவில்லாமல் தெளித்ததால் நன்மை செய்யும் சிலந்தியும் பொறிவண்டும் மடிந்து, புகையான் பெருகி நெல் வயல் கருகியது. 1986இல் அந்நாட்டு அரசு நெற்பயிரில் 57 வகைப் பூச்சிமருந்துகளுக்குத் தடை விதித்தது. 1989 முதல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் ‘உழவர் வயல்வெளிப் பள்ளி’ தொடங்கப்பட்டது. இருபத்தைந்து விவசாயிகள் ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை வயலில் கூடுவார்கள். ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை. தூரைப் பிரித்துப் பூச்சியை எண்ணி, சிலந்தியை எண்ணி, பயிரைப் படமாக வரைந்து, தெளிப்பதா வேண்டாமா என்று அவர்களே விவாதித்து முடிவு செய்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதில் முதல் மாணவராக விளங்க முடியும். பிறகு இந்த முறை நம் நாட்டுக்கும் வந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. கையால் செய்யாத பயிற்சியில் சேர வேண்டாம். 2020இல் நேரில் கூட முடியாததால் பல பயிற்சிகள் கைப்பேசி வழியே நடந்தன. சந்தை விலை, மருந்தளவு, மானிய விவரம் இவற்றைக் கைப்பேசியில் கேட்டறியலாம். ஆனால் ஒட்டுக் கட்டும்போது கத்தி எவ்வளவு அழுந்த வேண்டும், வேகவைத்த வைக்கோல் கைக்கு எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பதைப் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

எங்கே கற்பது?

வேளாண் அறிவியல் நிலையங்கள் இதற்கென்றே ஏற்பட்டவை. நாட்டின் முதல் நிலையம் 1974இல் நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. இன்று எழுநூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் நாடெங்கும் உள்ளன. காளான், தேனீ, மண்புழு உரம், நாற்றங்கால், காய்கனி பதப்படுத்துதல் ஆகியவற்றில் ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை பயிற்சிகள் நடக்கின்றன. படிப்புத் தகுதி கேட்பதில்லை.

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் மற்றொன்று. இதன் மூலம் கர்நாடகத்தில் உள்ளது. 1982இல் உஜிரே என்ற ஊரில் தர்மஸ்தலா கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா ஆகிய இரு வங்கிகளும் சேர்ந்து கிராம இளைஞர்களுக்கு உணவும் இடமும் கொடுத்து இலவசமாகத் தொழில் கற்பித்தன. அது நன்றாக நடந்ததைப் பார்த்து, அதே முறையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு வங்கியின் பொறுப்பில் நிறுவனங்கள் ஏற்பட்டன. ஆடு, கோழி வளர்ப்பிலிருந்து மோட்டார் சுருள் கட்டுவது வரை கற்பிக்கிறார்கள். இங்கே உள்ள பெரிய நன்மை, பயிற்சி முடிந்த பின்னும் இரண்டு ஆண்டு வரை தொடர்பு வைத்து, வங்கிக் கடனுக்கு வழி செய்து கொடுப்பது. வயது வரம்பு உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும்.

ஆடு, மாடு, கோழிக்கு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. உலக வங்கி உதவியுடன் நடந்த ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டத்தில், ஊரிலேயே நன்கு தொழில் தெரிந்த விவசாயி ஒருவரை ஆசிரியராக்கிப் பண்ணைப் பள்ளி நடத்தினார்கள். என் கருத்தில் இதுவே சிறந்த முறை. வெளியூர் அதிகாரி சொன்னால் தலையாட்டும் நம்மவர்கள், அடுத்த தெருக்காரர் செய்து காட்டினால்தான் நம்புகிறார்கள்.

ஒரு குடும்பத்தின் காளான் குடில்

விழுப்புரம் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெரியவருக்கு ஒன்றரை ஏக்கர்; கூட்டுக் கிணற்றில் வாரம் இரண்டு நாள் முறை. மகன் திருப்பூரில் துணி வெட்டும் வேலையில் பதினான்கு ஆண்டு இருந்தவர். 2020 மே மாதம் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் ஊர் வந்தார். அடுத்த ஆண்டு இரண்டாம் அலையும் தணிந்த பிறகு, கணவனும் மனைவியும் காளான் பயிற்சிக்குப் புறப்பட்டார்கள். “படிக்கிற வயசாடா இது?” என்றார் பெரியவர். “ஒரு நாள்தானே மாமா, பார்த்துட்டு வந்துடறோம்” என்று மருமகள் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் பயிற்சி முடிந்தது. சான்றிதழும் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் மருமகளின் நகையை அடகு வைத்துக் கீற்றுக் குடில் போட்டு, ஒரே மூச்சில் அறுபது படுக்கை தயாரித்தார்கள். பத்தாம் நாள் நாற்பது படுக்கையில் பச்சை பூத்தது. வெள்ளையாகப் பரவ வேண்டிய வித்து பச்சைப் பூசணத்தில் அமுங்கிவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படுக்கைகளைத் தூக்கிப் போய் வயலின் கடைசி மூலையில் புதைத்தார்.

என்ன தவறு நடந்தது என்பதை அறிந்துகொண்டால் மற்றவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

சிப்பிக் காளானுக்குப் புதிய, மழையில் நனையாத, பொன்னிறமான வைக்கோல் வேண்டும். அதை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 4 முதல் 5 மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு தண்ணீரை வடித்து, கொதிநீரிலோ ஆவியிலோ முழுமையாக ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். விறகு மிச்சம் பிடிப்பதற்காக இவர்கள் இருபது நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். முதல் தவறு அதுவே. வைக்கோலில் உள்ள பூசண வித்துகள் சாகவில்லை.

வெந்த வைக்கோலைச் சுத்தமான விரிப்பில் பரப்பி ஆறவிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். இதுவே சரியான பதம். அன்று மழை வரும் போலிருந்ததால் சொட்டச் சொட்டவே அடைத்துவிட்டார்கள். இரண்டாம் தவறு.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பாலிதீன் பையின் அடிப்பக்கத்தைக் கட்டி, நடுவில் இரண்டு துளை போட்டு, 5 செ.மீ. உயரத்திற்கு வைக்கோல், அதன்மேல் ஓரமாக வித்து, மீண்டும் வைக்கோல் என்று அடுக்கடுக்காக நிரப்பிக் கட்ட வேண்டும். ஒரு புட்டி வித்தைக் கொண்டு இரண்டு படுக்கை போடலாம். வித்து பதினைந்து, பதினெட்டு நாள் வயதுள்ளதாக இருப்பது நல்லது. இவர்களுக்கு வித்து விற்றவர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று பின்னர் தெரிந்தது. வாங்கும்போதே புட்டியின் மேலுள்ள தேதியைப் பார்ப்பதும், வித்து தூய வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பதும் வாங்குபவரின் கடமை.

நாலாவது தவறு வேடிக்கையானது. விதை நேர்த்திக்காக வாங்கிய டிரைகோடெர்மா விரிடி பாக்கெட்டைப் பெரியவர் நிழலாக இருக்கிறதே என்று காளான் குடிலின் எறவாணத்தில் செருகி வைத்திருந்தார். வேரழுகலைத் தடுக்கும் அந்த நண்பனே காளானுக்குப் பரம எதிரி. படுக்கையில் பூக்கும் பச்சைப் பூசணம் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மேலே சொன்ன காரணங்களே போதும் என்றாலும், இந்தப் பாக்கெட்டையும் குடிலுக்குத் தொலைவில் வைப்பது அவசியம்.

மருமகள் விடவில்லை. கெட்டுப்போன படுக்கை ஒன்றைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு பயிற்சி பெற்ற இடத்திற்கே மறுபடியும் பஸ் ஏறினார். அங்கிருந்த விஞ்ஞானி பார்த்தவுடனே, “எத்தனை நிமிஷம் வேகவைச்சீங்கம்மா?” என்று கேட்டாராம். முதல் நாள் வகுப்பில் இதே செய்தியை அவர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் அப்போது அது காதில் விழுந்த செய்தி. இப்போது நாற்பது படுக்கை விலை கொடுத்துக் கற்ற பாடம். பயிற்சி என்பது ஒரு நாளில் முடிவதில்லை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். முதல் நாள் போவது அறிமுகத்திற்கு. தோற்றுவிட்டு இரண்டாம் முறை போவதே உண்மையான பயிற்சி. வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

அடுத்த முறை மூன்றே படுக்கை போட்டார்கள். மூன்றும் பதினெட்டாம் நாள் வெண்மையாகப் பரவின. பிறகு பத்து, பிறகு நாள்தோறும் சில. வித்து பரவும் அறை இருட்டாகவும், காளான் மலரும் அறை வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாகவும் குடிலை இரண்டாகத் தடுத்தார்கள். மலரும் அறையில் வெப்பம் 23 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலும், காற்றில் ஈரம் 80 சதத்துக்கு மேலும் இருக்க வேண்டும். தரையில் மணல் பரப்பி நீர் தெளித்து, சுற்றிலும் நனைத்த சாக்குப் படுதா கட்டினால் இது கைகூடும். மொட்டு தோன்றிய மூன்றாம் நாள், தண்ணீர் தெளிப்பதற்கு முன் அறுவடை செய்ய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் சிப்பிக் காளான் சரியாக வராது. அக்காலத்திற்குப் பால் காளான் ஏற்றது. அருப்புக்கோட்டை நிலையத்தின் ஏ.பி.கே. 2 ரகம் வெப்பத்தைத் தாங்கும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். அரை கிலோ உலர்ந்த வைக்கோல் கொண்ட ஒரு படுக்கை, நாற்பத்தைந்து நாள் முடிவதற்குள் அரை கிலோ முதல் முக்கால் கிலோ வரை காளான் தரும். நடுத்தரமாக 600 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 5 கிலோ எடுக்க நாள்தோறும் எட்டு, ஒன்பது படுக்கை போட்டுக்கொண்டே வர வேண்டும். அதற்கு நாளுக்கு நாலரை கிலோ வைக்கோலும் நாலைந்து புட்டி வித்தும் வேண்டும். குடிலில் எப்போதும் ஏறத்தாழ நானூறு படுக்கை தொங்கும். இந்தக் கணக்கைப் போடாமல் ஒரே நாளில் அறுபது படுக்கை போட்டால், வந்தாலும் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவியும். பிறகு ஒரு மாதம் கடைக்காரருக்குக் கொடுக்கச் சரக்கு இருக்காது. அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

பறித்த காளான் சாதாரண அறையில் ஒரு நாள்தான் நிற்கும். எனவே வாங்குபவரைக் கண்டுபிடித்த பிறகே குடில் போட வேண்டும். நான் சொன்ன குடும்பத்தில் மருமகள் பக்கத்து டவுனில் இரண்டு ஓட்டல், மூன்று காய்கறிக் கடை என்று முன்னதாகவே பேசி வைத்தார். விற்காத நாளில் வெயிலில் காயவைத்தார். பத்து கிலோ பச்சைக் காளான் காய்ந்தால் ஒரு கிலோ ஆகும். அறுவடை ஓய்ந்த வைக்கோல் பெரியவரின் எருக்குழிக்குப் போயிற்று. அவர் அதைக் கத்தரிக்குப் போட்டுவிட்டு, காளானைப் பற்றி இப்போது மற்றவர்களுக்குப் பாடம் சொல்கிறார்.

அடகு நகை திரும்ப ஒன்றரை ஆண்டு ஆயிற்று. மகன் 2022இல் மறுபடியும் திருப்பூருக்கே போய்விட்டார். இதைத் தோல்வி என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு குடும்பத்துடன் போனவர், வாடகையும் பள்ளிச் செலவும் கொடுத்துக் கையில் ஒன்றும் நிற்காமல் இருந்தவர், இப்போது தனியாகப் போய் மாதம் இருமுறை வருகிறார். குழந்தைகள் ஊர்ப் பள்ளியில் படிக்கிறார்கள். குடில் மருமகளின் பெயரில் நடக்கிறது. அடுத்த முறை கம்பெனி கதவு மூடினால் இந்தக் குடும்பம் வெறுங்கையோடு நிற்காது.

ஒட்டுக் கட்டும் கை

துணி வெட்டியவர்களுக்கும் தையல் தெரிந்தவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது ஒட்டுக் கட்டும் தொழில். கத்தி பிடிக்கும் நிதானமும் அளவு தவறாத கண்ணும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கடலூர் மாவட்டத்தில் 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயல் முந்திரித் தோப்புகளை அழித்தபின், மறுநடவுக்கு ஒட்டுக் கன்று தேவைப்பட்டது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களை விதை மூலம் பெருக்கினால் தாயின் குணம் அப்படியே வராது, ஒட்டுதான் வழி.

முந்திரியில் செய்வது மென்தண்டு ஒட்டு. கொட்டை முளைத்து ஒன்றரை முதல் இரண்டு மாதமான கன்று வேர்ச்செடியாகும். நல்ல தாய் மரத்தில் மூன்று முதல் ஐந்து மாத வயதுள்ள, பென்சில் பருமனான நுனிக்குச்சியைத் தேர்ந்து, ஒட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி கிள்ளிவிட வேண்டும். அப்போது நுனி மொட்டு பருத்து எழுச்சி கொள்ளும். வேர்ச்செடியின் தலையை வெட்டி, தண்டின் நடுவே 5 செ.மீ. ஆழத்திற்குப் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு போல இருபுறமும் சீவிச் செருகிப் பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். இரண்டின் பட்டையும் ஒரு பக்கமாவது சேர்ந்திருக்க வேண்டும். ரகசியம் இதில்தான் இருக்கிறது. மேலே ஐஸ் பாக்கெட் போன்ற ஒரு பாலிதீன் குழாயை மாட்டி நிழலில் வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் துளிர்க்கும். முதலில் கட்டுபவருக்கு நூறில் முப்பது பிடித்தாலே பெரிது. ஆயிரம் கட்டிய பிறகு எழுபதுக்கு மேல் பிடிக்கும். இதற்குச் சொந்த நிலம்கூட வேண்டாம். நாற்றுப் பண்ணைகளில் கன்றுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறார்கள்.

கோழி வளர்க்க விரும்புவோர் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவும். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழி இறைச்சியால் கொரோனா பரவும் என்ற வீண் வதந்தியில் விலை அடியோடு விழுந்தது. கடன் வாங்கிப் பெரிய கொட்டகை போட்டவர்கள் தவித்தார்கள். கொல்லையில் இருபது நாட்டுக் கோழி வைத்திருந்தவர்கள் பேசாமல் தின்றும் அடைவைத்தும் சமாளித்தார்கள். சிறியதாகத் தொடங்கி, ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் ஊசியும் போட்டு வெள்ளைக் கழிச்சலைத் தடுத்துக்கொண்டால் போதும்.

ஏமாறாமல் இருக்க

பயிற்சி கொடுத்து, பொருளையும் விற்று, விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஈமு கோழி விவகாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் அந்தக் கம்பெனிகள் சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தார்கள். தீனியின்றிப் பறவைகளும் மாண்டன. பொருளை அந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாராவது வாங்குகிறார்களா என்று ஒரு சந்தையிலாவது விசாரித்திருந்தால் அன்றே உண்மை தெரிந்திருக்கும். காளான் வித்து விற்பவர்களிலும் இப்படிப் பேசுபவர்கள் உண்டு.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கிக் கடனுக்கு அது உதவும். வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஆனால் சான்றிதழுக்காக மட்டும் பயிற்சிக்குப் பயிற்சி தாவுவதைக் காண்கிறேன். ஐந்து சான்றிதழும் ஒரு படுக்கையும் இல்லாதவர்கள் பலர்.

கடன் வாங்குவதானால் முதல் மூன்று மாதத்தைச் சொந்தக் கையில் உள்ளதைக் கொண்டு, சிறு அளவில் நடத்திப் பார்த்த பிறகு வாங்குவது நலம். அந்த மூன்று மாத வரவு செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். வங்கி மேலாளர் நம்புவது அந்த நோட்டைத்தான்.

பயிற்சிக்குப் போகும் முன்

மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திற்கு நேரில் சென்றோ, உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலர் மூலமோ அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டுப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கதிர் அறுப்பு, நடவு நாட்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், இரண்டு புகைப்படம் கைவசம் இருக்கட்டும். கூடுமானால் தனியாகப் போகாமல் கணவனும் மனைவியுமாகப் போங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருப்பார், ஒருவர் வெளியூர் போனாலும் தொழில் நிற்காது. சொல்லிக் கொடுப்பவரின் தொலைபேசி எண்ணையும், ஏற்கெனவே அங்கே கற்றுத் தொழில் நடத்துபவர் ஒருவரின் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் அந்த வீட்டிற்கு ஒருமுறை போய், அவர் முதல் தடவை என்ன தவறு செய்தார் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.